வழியில் நிற்காத வண்டி

எங்கள் ஊரில் சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலிலோ நடமாடுகிற எல்லோரும் ஒரு தடவையாவது டிரைவர் தோக்தசினைத் திட்டியிருப்பார்கள். நானும் திட்டியிருக்கிறேன். எனக்கு இடது கால் பிறவியிலேயே குட்டை. நடக்க முடியாதவர்களுக்காக நகராட்சி விட்டிருக்கும் இலவச வண்டிக்கு அழைப்பு எடுக்கும் மேசை என்னுடையது. பகலெல்லாம் போனைக் காதில் வைத்து மற்றவர்களுக்கு வண்டி அனுப்புவேன், சாயங்காலம் அதே வண்டியின் கடைசி நடையில் நானும் ஏறி வீடு போய்ச் சேருவேன். அதனால் அந்த மனிதரை இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்குத் தெரியும்.

திட்டுக்குக் காரணம் ஒன்றுதான். ஏறுகிற இடத்துக்கும் இறங்குகிற இடத்துக்கும் நடுவில் அவர் வண்டியை நிறுத்தவே மாட்டார். ரொட்டிக் கடை வாசலை உரசிக்கொண்டு போனாலும் நிற்காது. மருந்துக்கடைக்கு எதிரே சிக்னல் விழுந்து வண்டி தானாகவே நின்றால்கூடக் கதவைத் திறக்க மாட்டார். தலைகீழாக நின்று கேட்டாலும் பதில் ஒரே சொல்தான்: "நடக்காது."

அதில் கேலிக்கு இடம் கொடுத்தது அவர் பெயர். அவருக்கு முன்னால் பிறந்த குழந்தைகள் ஒன்றும் தங்கவில்லை. சாவு இதோடு நிற்கட்டும் என்று அவர் அம்மா வைத்த பெயர் தோக்தசின். கஸாக் மொழியில் அதற்கு 'நிற்கட்டும்' என்று பொருள். "பேரு நிக்கட்டும், ஆனா வண்டி மட்டும் நிக்காது" என்று சொல்லாத பயணி கிடையாது. அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையாது. வயதில் பெரியவர் என்பதால் எங்கள் வழக்கப்படி பெயரைச் சுருக்கி மரியாதையாக தோக்கே என்று கூப்பிடுவோம். திட்டும்போதும் தோக்கேதான்.

இளமையில் நெல்வயல் கூட்டுப்பண்ணையில் லாரி ஓட்டியவர். பண்ணை கலைந்த பிறகு டவுன் பஸ். பஸ் கம்பெனியை யாரோ வாங்கி மூடியதும் எங்களிடம் வந்தார். வந்த புதிதில் அவரும் எல்லோரையும் போலத்தான் இருந்தார். பால் வாங்கணும் என்றால் நிற்பார், பேரனைப் பார்க்கணும் என்றால் நிற்பார். ஒரு குளிர்காலத்தில் அப்படி அங்கங்கே நின்று நின்று தாமதமாகிவிட்டது. சிறுநீரகச் சுத்திகரிப்பு முடிந்து ஒரு பெரியவர் மருத்துவமனை வாசலில் காத்திருந்தார். காவலாளி கதவைப் பூட்டிவிட்டு உள்ளே போய்விட்டான். பெரியவர் உயிர் பிழைத்தார், ஆனால் பனியில் உறைந்து விரல் நுனிகள் போய்விட்டன. அந்தக் காவலாளியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோக்தசினையும் கேட்கவில்லை. அவரேதான் தன்னைக் கேட்டுக்கொண்டார், அன்றிலிருந்து 'நடக்காது' ஆரம்பமானது.

ஊருக்கு லிஃப்ட் வைத்த வண்டி அது ஒன்றுதான். இரண்டாவது வண்டி வருகிறது, வருகிறது என்று எனக்குத் தெரிந்து மூன்று மேயர்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நகராட்சி வாசலில் ஒரு சாய்தளம் கட்டியிருக்கிறார்கள், கூரை மாதிரி செங்குத்தாக. அதில் சக்கர நாற்காலி ஏறாது, போட்டோ எடுக்கலாம். அந்த மாதிரி ஊரில் இருக்கிற ஒரே வண்டியை ஒழுங்காக ஓட்டுகிற ஆளைத் திட்டுகிறோமே என்று எனக்கே சில நாள் வெட்கமாக இருக்கும். மறுநாள் மறுபடி திட்டுவேன்.

எல்லோரையும்விட அதிகமாக வம்பிழுத்தவள் குலாஷ். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தையல்கூடத்தில் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். கார் கவிழ்ந்து முதுகெலும்பு போனதிலிருந்து சக்கர நாற்காலிதான். புருஷன் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப்பழம் கொண்டுவந்தான், அதற்கப்புறம் ஆளையே காணோம். ஒரே மகன் தௌரென் அல்மாட்டியில் படிக்கிறான். குலாஷுக்கு வாய் ஓயாது. டிரைவர் இருக்கைக்கு நேர் பின்னால்தான் அவள் நாற்காலியைக் கட்டுவார்கள், அங்கிருந்து அவர் பிடரியைப் பார்த்துப் பேசிக்கொண்டே வருவாள்.

"தோக்கே, சந்தைப் பக்கம் ஒரு நிமிஷம்."

"நடக்காது."

"நூல்கண்டு ஒண்ணே ஒண்ணு."

"நடக்காது."

"நான் செத்தாலாவது நிறுத்துவீங்களா?"

"செத்தவங்களுக்கு வேற வண்டி. அதுக்கு வேற நம்பர்ல கூப்பிடணும்."

தினமும் இதே பேச்சுதான். இருவரும் இதை ரசித்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். அவள் லீவு போட்ட நாட்களில் தோக்தசின் கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டுவதை நான் கவனித்திருக்கிறேன்.

ஜூலை மாதம், வெயில் மண்ணைப் பிளக்கிற சமயம், ஒரு நாள் காலையில் நான் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, போன் அடித்தது. குலாஷின் அண்ணன் அமன்திக். ஆற்றங்கரைக் கிராமத்தில் அம்மாவோடு இருப்பவர்.

"ரைகுல், அம்மா விடியறதுக்குள்ள போயிட்டாங்கம்மா. குலாஷ்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. அம்மாவுக்கு லேசா முடியல, பாக்கணும்ங்கறாங்கன்னு மட்டும் நான் போன்ல சொல்லியிருக்கேன். இங்க வந்து சேரட்டும். பெரியவங்க சொல்லிக்குவாங்க."

சாவுச் செய்தியைப் போனில் போட்டு உடைக்கிறவனை எங்கள் பக்கத்தில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். உறவு கூட வேண்டும், பெரியவர் ஒருவர் எங்கேயோ ஆரம்பித்து மெல்ல மெல்ல அந்த இடத்துக்கு வர வேண்டும், விழுந்தால் பிடிக்கப் பெண்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். வழியில் தனியாக இருக்கிறவள் காதில் அதை ஊற்றுவது பாவம். நான் இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன், யாரும் என்னைத் திருத்த வரவேண்டாம்.

வெயில் காரணமாக அன்றைக்கே அடக்கம். மதியத் தொழுகை முடிந்ததும் உடலை எடுத்துவிடுவார்கள். பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. ஆகவே குலாஷ் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் உடல் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் போய்ச் சேர வேண்டும். முதுகில் கம்பி வைத்திருப்பதால் அவளைச் சாதாரணக் காரில் மடக்கி உட்கார வைக்க முடியாது. எங்கள் வண்டியோ ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அதிகாரி அறைக்கு நொண்டிக்கொண்டு ஓடினேன். மற்ற நாளில் ஒரு கையெழுத்துக்கு வாரக்கணக்கில் நடக்க விடுகிற மனிதர், அன்று நின்றபடியே போட்டுக் கொடுத்தார்.

தோக்தசினை முற்றத்தில் பிடித்துச் சொன்னேன். தொப்பியைக் கழற்றி, இரு கையாலும் முகத்தைத் தடவி, இறந்தவளுக்காகத் துவா செய்தார்.

"மதியத் தொழுகைக்கு முன்னாடி அவ முகம் பாத்தாகணும் தோக்கே."

"பாத்துடலாம். நேரம் தாராளமா இருக்கு."

நேரம் தாராளமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு வண்டிக்குள் நடந்ததை இரண்டு பேர் வாயாலும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

குலாஷ் குஷியாக ஏறியிருக்கிறாள்.

"என்ன தோக்கே, ராஜ மரியாதையா இருக்கு. ஊர் எல்லை தாண்டி நமக்கு வண்டி. எங்கண்ணன் யாரைப் பிடிச்சான்?"

"எனக்கென்ன தெரியும். போகச் சொன்னாங்க, போறேன்."

"ரத்தக்கொதிப்பாம் அம்மாவுக்கு. என்னைப் பாக்கணும்னு தோணிட்டா அவளுக்கு உடனே ரத்தம் கொதிச்சிடும். நான் போய் நிக்கட்டும், எந்திரிச்சு மாவு பிசைய ஆரம்பிச்சிடுவா, நீங்க வேணா பாருங்க."

சந்தைத் திருப்பம் வந்தது. எங்களில் யாரும் தாய்வீட்டுக்கு வெறுங்கையோடு போவதில்லை. சந்தையிலிருந்து ஏதாவது கையில் இருக்க வேண்டும், ஒரு பொட்டலம் தேயிலையாவது. குலாஷ் வழக்கமான குரலில், வழக்கமான பதிலுக்கு முன்கூட்டியே சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"தோக்கே, சந்தைப் பக்கம் ஒரு நிமிஷம். அம்மாவுக்கு."

"சரி" என்றார் தோக்தசின்.

"இன்னிக்கு மழைதான் கொட்டப்போவுது" என்றாளாம்.

இதை நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். வருடக்கணக்காக எல்லோருக்கும் சொன்ன அந்த 'நடக்காது'வை அன்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். அவள் சந்தேகப்பட்டிருக்க மாட்டாள். இரண்டு வசவு விட்டுவிட்டு வெளியே வேடிக்கை பார்த்திருப்பாள். ஆனால் விஷயம் தெரிந்த மனிதருக்கு வாய் வரவில்லை.

"அம்மாவுக்குன்னு கேட்டா ரைகுல். இல்லாத அம்மாவுக்கு. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு முடியாதுங்கறது?" என்றார் என்னிடம்.

எங்கள் வண்டியில் ஒருவரை இறக்கி ஏற்றுவது சட்டென்று நடக்கிற காரியம் இல்லை. நாற்காலியின் நாலு பக்கப் பட்டைகளையும் அவிழ்க்க வேண்டும். லிஃப்ட் முனகிக்கொண்டே இறங்கும், பாதியில் சிக்கிக்கொள்ளும், பக்கவாட்டில் ஓர் இடத்தில் உதைத்தால்தான் மறுபடி அசையும். அந்த இடம் தோக்தசினுக்கு மட்டும்தான் தெரியும். திரும்ப ஏற்றும்போது இதெல்லாம் தலைகீழாக. அவள் கேட்டது ஒரு நிமிஷம்தான், ஆனால் லிஃப்டுக்கு அது தெரியாதே.

அவள் தேயிலை வாங்கினாள். உலர்ந்த திராட்சை வாங்கினாள். வயதான பெண்கள் தலையைச் சுற்றி அணிகிற வெள்ளைத் துணிக்கு ஒரு கடையில் பேரம் பேச ஆரம்பித்தாள், ஒத்துவராமல் அடுத்த கடைக்குப் போனாள், அங்கிருந்து மறுபடி முதல் கடைக்கே வந்தாள். தோக்தசின் பையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

"இது போதுமா தோக்கே? அம்மாவுக்குத் தலை பெருசு. அந்தக் காலத்துல உங்க பஸ்லதான வருவா, பாத்திருப்பீங்களே."

"போதும்" என்றார். அந்தத் துணியைக் கையில் வாங்கி மடித்தும் கொடுத்திருக்கிறார்.

அப்போது அமன்திக் தோக்தசினுக்குப் போன் செய்தார். அவள் பக்கத்தில் இருக்கும்போது என்ன பேசுவது? "வந்துட்டே இருக்கோம்" என்று வைத்துவிட்டார்.

"அண்ணனா? தலை போற அவசரமான்னு கேளுங்க அவன்கிட்ட" என்று சொல்லிவிட்டு குலாஷ் ஒரு முலாம்பழக்காரனிடம் போய்விட்டாள். ஒவ்வொரு பழமாகத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, அவனையும் சிரிக்க வைத்து, ஒன்றை மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

"அங்கயாவது கிளம்புன்னு சொல்லியிருக்கலாமே தோக்கே" என்று பிறகு நான் கேட்டேன். என் குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்திருக்கும்.

அவர் என்னைப் பார்க்காமல் பேசினார். "சிரிச்சிட்டிருந்தா. இன்னும் கொஞ்ச நேரத்துல அந்தச் சிரிப்பு போயிடும்னு அந்தச் சந்தையிலயே எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். இன்னும் கொஞ்சம் இருந்துட்டுப் போகட்டுமேன்னு தோணுச்சு. கணக்குப் போட்டுத்தான் வச்சிருந்தேன். நேரம் இருந்துச்சு."

அவர் கணக்கில் ரயில் கேட் இல்லை. எண்ணெய் டாங்கர்களை இழுத்துக்கொண்டு ஒரு சரக்கு வண்டி வந்து, கேட்டை அடைத்துக்கொண்டு நின்றேவிட்டது. சந்தையில் நிற்காமல் வந்திருந்தால் அதற்கு வெகு முன்னாலேயே அந்தப் பக்கம் போயிருப்பார்கள். முன்னாலும் போக முடியாது, சுற்றிப் போக வேறு பாதையும் இல்லை. தோக்தசினின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கீழே இறங்கிப் போய் கேட்காரனிடம் கெஞ்சினார். ரயில் நின்றால் கேட்காரன் என்ன செய்வான்?

திரும்பி வந்து உட்கார்ந்தபோது குலாஷ் பின்னாலிருந்து கையை நீட்டினாள். உள்ளங்கையில் திராட்சை.

"எடுத்துக்கங்க தோக்கே. இன்னிக்கு நீங்க ரொம்ப நல்லவரு."

"அதை வாங்கித் தின்னேன் ரைகுல்" என்றார்.

கிராமத்துத் தெருவுக்குள் வண்டி திரும்பியதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. வாசலில் ஆண்கள் கோலூன்றி வரிசையாக நின்றால் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. யாரும் அவளிடம் எதையும் மெல்ல ஆரம்பிக்க வேண்டியிருக்கவில்லை. பெரியவர் ஒருவர் ஜன்னல் பக்கம் வந்து வாயைத் திறந்தார், அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"முகத்தைக் காட்டுங்க" என்றாள்.

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். உடலை எடுத்துவிட்டார்கள். முல்லா காத்துத்தான் இருந்திருக்கிறார், அமன்திக் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறார். ஆனால் அந்த வெயிலில் உடலை வைத்திருப்பது இறந்தவளை வதைப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். இடுகாட்டுப் பாதையில் கிளம்பிய புழுதி இன்னும் அடங்கவில்லையாம். அவ்வளவு பக்கம்.

"நான் கொண்டுபோறேன், பிடிச்சிடலாம், வண்டியிலயே உக்காந்து பாக்கட்டும்" என்று தோக்தசின் கத்தியிருக்கிறார். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பெண்கள் அங்கே போவது இல்லை, அவ்வளவுதான்.

லிஃப்ட் இறங்கியது. தெருவே பார்த்துக்கொண்டிருக்க, பாதியில் சிக்கியது. அவர் உதைத்தார், மறுபடி இறங்கியது. பெண்கள் ஓடி வந்து அழுதுகொண்டே அவள்மேல் விழுந்தார்கள். அவள் அழவில்லை. தலையைத் திருப்பி அவரைத் தேடினாள்.

"சந்தையிலயே உங்களுக்குத் தெரியுமா?"

அவர் ஆம் என்று தலையசைத்தார். பெண்கள் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பினார். வழியெல்லாம் பின்னால், அவள் மடியிலிருந்து நழுவி வண்டியிலேயே தங்கிவிட்ட அந்த முலாம்பழம் உருண்டு உருண்டு பக்கவாட்டில் மோதிக்கொண்டே வந்திருக்கிறது. நிறுத்தி அதை எடுத்து வைக்கக்கூட அவருக்குத் தைரியம் இல்லை.

அதற்குப் பிறகு அவர் ஆளே மாறிவிட்டார். மறுநாளே அதிகாரியிடம் போய்த் தண்ணீர் லாரிக்கு மாற்றல் கேட்டார். அந்த லிஃப்டை உதைக்க வேறு யாருக்கும் தெரியாது என்று அதிகாரி மறுத்துவிட்டார். உண்மைதான். பழுது பார்க்கப் பணம் ஒதுக்கியிருந்தால் அந்த மனிதர் தப்பித்திருப்பார். பணம் சாய்தளத்துக்குப் போய்விட்டது.

நாற்பதாம் நாளுக்கு மனைவி நூரிலாவையும் அழைத்துக்கொண்டு, ஓர் ஆட்டையும் கொண்டுபோனார். நானும் போயிருந்தேன். அங்கே எல்லோரும் அவருக்கு மேலிடத்தில் இடம் கொடுத்து, நல்ல துண்டாகப் பார்த்து இறைச்சி வைத்தார்கள். அமன்திக்கே பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க மேல என்னண்ணே தப்பு. வழக்கப்படிதான நடந்துக்கிட்டீங்க" என்றார். குலாஷும் அதையே சொன்னாள், தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்தபடி. "நீங்க என்ன செய்வீங்க தோக்கே. சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க."

அவர் அந்த இறைச்சியைத் தொடவில்லை. திரும்பும் வழியில் என்னிடம் பொரிந்து தள்ளினார். "சொல்லாததுக்கு மன்னிக்கிறாங்க. நான் சொல்லாததுக்கா மன்னிப்புக் கேக்கப் போனேன்? சந்தையில நின்னதுக்குல்ல போனேன். அதை ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க. ஒருத்தராவது நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தா நிம்மதியா தூங்குவேன்."

"நான் கேக்கட்டுமா?" என்றேன்.

"நீ கேட்டு என்ன. உங்கம்மாவா செத்தாங்க."

நூரிலா அவர் தோளில் கையை வைத்தாள். அவர் தட்டிவிட்டார்.

குலாஷ் வேலைக்குத் திரும்பினாள். வேறு வழி? இருப்பது ஒரே வண்டி. தினமும் காலையில் அவர்தான் அவள் வீட்டு வாசலுக்கு வர வேண்டும், அவர்தான் குனிந்து பட்டைகளைக் கட்ட வேண்டும். அவள் அதே இடத்தில், அவர் பிடரிக்கு நேர் பின்னால். சலாம் சொல்வாள், பதில் சொல்வார். அவ்வளவுதான். சந்தைத் திருப்பத்தில் அவள் ஒன்றும் கேட்பதில்லை. அந்த இடம் வரும்போது அவர் கைகள் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிப்பதை நான் தினமும் பார்ப்பேன். அந்த வண்டியில் இவ்வளவு அமைதி எனக்குப் பழக்கமில்லை, சகிக்கவில்லை. நானே ஏதாவது உளறிக்கொண்டு வருவேன்.

குளிர்காலம் போய் நவ்ரூஸ் பண்டிகை நெருங்கியது. தெருவெங்கும் பலகாரம் பொரிக்கிற எண்ணெய் வாசனை. ஒரு சாயங்காலம் வண்டியில் நாங்கள் மூன்று பேர்தான். சந்தைத் திருப்பத்தில், வெளியே துணிக்கடை வாசலில் தொங்கிய பூப்போட்ட தலைத்துணிகளை குலாஷ் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். பல மாதங்களில் அவள் எதையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. தோக்தசின் கண்ணாடியில் அதைக் கவனித்தார். வண்டியின் வேகத்தைக் குறைத்தார். எவ்வளவு நாளாக அந்த வார்த்தையை மனதுக்குள் வைத்திருந்தாரோ தெரியாது, மிகவும் மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

"சந்தைப் பக்கம் கொஞ்சம் நிறுத்தவா தங்கச்சி?"

குலாஷின் முகம் வெளுத்துப்போனது. இரண்டு கையாலும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு?" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

"யாருன்னு சொல்லுங்க. அண்ணனா? தௌரெனா? எம்புள்ளையா?"

"யாருக்கும் ஒண்ணுமில்லம்மா. பண்டிகை வருதேன்னு சும்மா கேட்டேன்."

"சும்மா நீங்க கேப்பீங்களா? அன்னிக்கும் இதே குரல்லதான சரின்னீங்க. ரைகுல், போன் உனக்குத்தான வரும். யாரு செத்தாங்கன்னு நீ சொல்லு."

"யாரும் இல்லக்கா. சத்தியமா."

"ரொட்டி மேல சத்தியம் பண்றேன் தாயி" என்றார் தோக்தசின். வண்டியை ஓரம்கட்டிவிட்டு, திரும்பி, ஏறக்குறைய மண்டியிட்டபடி.

நம்பவில்லை. எங்கள் ஊர் ஆட்களின் சத்தியத்துக்கு இந்த விஷயத்தில் என்ன மதிப்பு என்று அவளுக்குத் தெரியும், கூசாமல் பொய் சொல்வோம், அதைப் புண்ணியம் என்றும் நினைப்போம். அவள் போனை எடுத்து அண்ணனுக்கு அடித்தாள். அமன்திக் எடுத்தார், குரலைக் கேட்டதும் பதில்கூடச் சொல்லாமல் வைத்துவிட்டாள். தௌரெனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. "வகுப்புல இருப்பான்" என்று நான் சொன்னது என் காதுக்கே பொய் மாதிரி கேட்டது. அவள் சத்தம் இல்லாமல் அழ ஆரம்பித்தாள், அம்மாவுக்குக்கூட அப்படி அழுது நான் பார்க்கவில்லை. தோக்தசின் அவளைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது.

"என்னம்மா, இத்தனை தடவை கூப்பிட்டிருக்க. குளிச்சிட்டிருந்தேன்" என்றது பையனின் குரல். எங்கள் இருவருக்கும் கேட்டது.

அவள் அவனிடம் என்னவோ பேசினாள். சாப்பிட்டாயா, குளிர் இருக்கிறதா என்று. வைத்த பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தோக்கே" என்றாள். கோபம் இல்லாத குரல். "இனிமே எனக்கு எதுக்கும் சரின்னு சொல்லாதீங்க. நீங்க நல்லவரா இருந்தா எனக்கு நெஞ்சு நின்னுடுது."

அவர் தலையை ஆட்டினார், முன்னால் திரும்பி வண்டியைக் கிளப்பினார். அவளை இறக்கிவிட்டு, என் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு, எனக்குக் கதவைத் திறக்க மறந்துவிட்டு உட்கார்ந்தே இருந்தார். "என் கையால ஒரு நல்லது செய்ய முடியாம போச்சே ரைகுல்" என்றார். நானே கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன்.

இப்போது குலாஷ் பழையபடி கேட்க ஆரம்பித்திருக்கிறாள். தினமும், அதே திருப்பத்தில். புதிதாக ஏறுகிறவர்கள் சிரிக்கிறார்கள். அந்தக் கிழவரிடம் இவள் எதற்கு விடாமல் மோதுகிறாள், அவரும்தான் ஓர் அபலையிடம் இப்படியா கறாராக இருப்பது என்று என்னிடம் புகார் சொல்கிறார்கள். நான் ஒன்றும் விளக்குவதில்லை.

"தோக்கே, சந்தைப் பக்கம் ஒரு நிமிஷம்."

"நடக்காது" என்கிறார் அவர், எவ்வளவு முரட்டுத்தனமாக முடியுமோ அவ்வளவு முரட்டுத்தனமாக.

குலாஷ் மூச்சை விட்டு, நாற்காலியில் சாய்ந்துகொள்கிறாள். அன்றைக்கு அவள் வீட்டில் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள்.